படம் ஓடும்போது மட்டும் கீபோர்டு மக்கர்

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்ல டிவிக்குப் பின்னாடி ராஸ்பெர்ரி பை 4ங்கிற குட்டி கம்ப்யூட்டரை மாட்டி வச்சிருக்கேன், படமெல்லாம் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்ல. மெனுவுல நல்லா ஓடுற வயர்லெஸ் கீபோர்டு, படம் போட்டதும் விட்டு விட்டுதான் வேலை செய்யுது, பாஸ் அழுத்தினா நிக்காது, படம் பேரு டைப் பண்ணா பாதி எழுத்து விழாது. பேட்டரி மாத்தி, எல்லாத்தையும் அழிச்சு மறுபடி இன்ஸ்டால் பண்ணி, கடைசியில லோயாட் பிளாசா போய் வேற கீபோர்டே வாங்கிட்டு வந்து பார்த்தேன், அதுவும் அதே கதைதான்.

அப்புறம்தான் கவனிச்சேன், ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கினா கீபோர்டு சரியாயிடுது. நீல கலர் போர்ட்ல டிஸ்க், அதை ஒட்டியே கீபோர்டு சிக்னலை வாங்குற குட்டி டாங்கிள். யூஎஸ்பி 3ல டேட்டா ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளம்புமாம், டாங்கிளும் அதே 2.4தான். இன்டெல் 2012லயே இதை அளந்து பேப்பர் போட்டிருக்கு!

ஒரு மீட்டர் யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை டிவி முன்பக்கம் கொண்டு வந்து ஒட்டினேன். அப்பாடா, ஒரு எழுத்துகூட தவறல. கேபிள் கைல இல்லன்னா டிஸ்க்கைக் கறுப்பு போர்ட்ல மாத்திப் பாருங்க, அது யூஎஸ்பி 2, 1080பி படத்துக்கு அந்த வேகமே தாராளம். வைஃபை திக்கினாலும் காரணம் இதுவா இருக்கலாம், நான் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திட்டேன்.