ஒருநாள் மலைநடையா? படத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போடுவார். பச்சைப் புல் சரிவு, கீழே பஞ்சுப்பொதி மாதிரி மேகம், பாறை மேல் கையை விரித்துக்கொண்டு ஒருத்தர். "அடுத்த வாரம் போலாமா?" என்று கேட்டதும் பத்துக் கைகள் உயரும். அந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார். முதல் தவறு அதுதான்.

போடி, கம்பம், வத்திராயிருப்பு என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரம் முழுக்கவே மழை மறைவுப் பக்கம், தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து, டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி முழுக்க நீங்கள் பார்க்கும் மலை வேறு, மார்ச்சில் பார்க்கும் மலை வேறு. மார்ச்சில் இலையுதிர் காடு மொட்டையாக நிற்கும், இடுப்பளவுப் புல் வைக்கோலாகிக் கிடக்கும். அழகில்லை என்பதோடு போனால் பரவாயில்லை. 2018 மார்ச் 11 அன்று போடி பக்கத்துக் குரங்கணியில் மலைநடை போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது முன்னால் இருக்கும் புல்லைச் சூடாக்கிக்கொண்டே ஏறும், அதனால் சமதரையைவிட வேகமாகப் பரவும். ஓடுகிற ஆளால் அதை முந்த முடியாது. கோடையில் வனத்துறை வழிகளை மூடுவது இதனால்தான். அந்த நேரத்தில் "தெரிஞ்ச ஆள் ஒருத்தர் உள்ளே கூட்டிப்போவார்" என்று யாராவது சொன்னால், அந்தக் குழுவிலிருந்தே வெளியே வந்துவிடுங்கள்.

வனத்துறையே 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 வழிகளைத் திறந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்துவைத்திருக்கிறது. முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம். ஆனால் அங்கேயும் நம் ஆட்கள் "எளிது எல்லாம் நமக்கெதுக்கு" என்று நேராகக் கடினத்துக்குப் போவார்கள்!

அடுத்தது கிலோமீட்டர் கணக்கு. "ஆறு கிலோமீட்டர்தானே, தினமும் பார்க்கில் நடக்கிறேன்" என்பவர்கள்தான் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன கணக்கு இன்னும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஆறு கிலோமீட்டர் நடை, 900 மீட்டர் ஏற்றம் என்றால் 2 மணி 42 நிமிடம். அது குளிர்நாட்டில் நிற்காமல் நடக்கிறவருக்கு. நம் வெயில், நம் செல்ஃபி, புளியோதரைப் பொட்டலம் எல்லாம் சேர்த்து அதில் பாதியை மேலே போட்டுக்கொள்ளுங்கள், நாலு மணி நேரம் வரும். ஏறுவதற்கு மட்டும். வெள்ளியங்கிரிக்குப் போய்வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், தூரத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், முழங்காலைப் பற்றித்தான் பேசுவார்கள். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பதை நம்மை ஏமாற்றும் வேலை என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்களுக்கு, இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

இதைவிட ஏமாற்றுகிற வழி ஒன்று உண்டு. முதலில் இறக்கம், பிறகு ஏற்றம். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவும் சுற்றி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்து, மதியம் இரண்டு மணிக்கு ஆகாய கங்கைக்கு இறங்கினேன். கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அதுவும் அருவி வருவதற்குள் காலி. ஆயிரத்துக்கு மேல் படிகள், இறங்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கியாச்சு. குளித்த பிறகு ஈரத் துணியோடு ஏறும்போது இருபது படிக்கு ஒரு தடவை நின்றேன். தலையில் கூடை வைத்த ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, "மெதுவா வா சாமி" என்றார். அன்றிலிருந்து இறங்கிப் போகும் வழி என்றால் காலை எட்டு மணிக்கு மேல் தொடங்குவதில்லை.

நேரம் பற்றி இன்னொன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவார ஊர்களில் மலை மேற்கே நிற்கிறது. காலைச் சூரியன் சரிவு முழுக்க நேராக விழும், அப்போதுதான் மலை தெளிவாகத் தெரியும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். படமும் கறுப்பாக வரும், நாலரைக்கே பள்ளத்தில் நிழல் கட்டிவிடும். காலண்டரில் சூரிய அஸ்தமனம் ஆறே கால் என்று போட்டிருப்பதை நம்பித் திட்டம் போட்டால், கடைசி ஒரு மணி நேரம் மொபைல் டார்ச்சில்தான். கோவைப் பக்கம் அடிவாரமெல்லாம் யானை வழி, அந்த நேரத்தில் அங்கே இருக்கவே கூடாது.

ஓடையைக் குறைத்து எடைபோடுவதும் நடக்கிறது. சதுரகிரி மாதிரி ஓடை குறுக்கிடும் பாதையில், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக்கூட விழுந்திருக்காது, மேலே உச்சியில் பெய்த மழை அரை மணியில் கீழே வந்து நிற்கும். தண்ணீர் திடீரென்று கலங்கலாகி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் கடக்காதீர்கள். இக்கரையிலேயே மேடான இடமாகப் பார்த்து உட்காருங்கள். மழை விட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

செருப்பு, அட்டைக்கு உப்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்புறம், அடிவாரத்தில் இறங்கியதும் மலையை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் டீக்கடையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஐந்தரை என்றால், உச்சி வந்தாலும் வராவிட்டாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிடுங்கள்.