‘வி ஃபார் வெண்டெட்டா’ படத்தை வீட்டில் பிள்ளைகளோடு எப்படிப் பார்ப்பது

பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்குக் காட்டிய முறையையே சொல்கிறேன். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், ரத்தம் அதிகம்.

முதலில் 1605 நவம்பர் 5 கதையைச் சொல்லிவிடுங்கள். லண்டனில் நாடாளுமன்றத்துக்கு அடியில் வெடிமருந்துப் பீப்பாய்களோடு கய் ஃபாக்ஸ் பிடிபட்ட நாள் அது. தெரியாவிட்டால், படத்தின் நாயகன் வி போட்டிருக்கும் கய் ஃபாக்ஸ் முகமூடி வெறும் வேஷமாகத்தான் தெரியும்.

சப்டைட்டில் கட்டாயம். வியாக நடிக்கும் ஹ்யூகோ வீவிங் கடைசிவரை முகத்தைக் காட்டவே மாட்டார். குரலையும் தலை சாய்வதையும் பாருங்கள். அசையாத அதே முகமூடி ஓரிடத்தில் சிரிக்கும், ஓரிடத்தில் அழும். திரையில் கத்தும் சர்வாதிகாரி ஜான் ஹர்ட். ஆர்வெல்லின் ‘1984’ படத்தில் சர்வாதிகார ஆட்சியால் நசுக்கப்பட்டவனாக நடித்தவரும் இவர்தான்.

கத்திச் சண்டைக்காக மற்றதை ஓட்டிவிடாதீர்கள். படத்தின் உயிர் சிறையறையில் இருக்கிறது. சுவரில் ஓர் எலி வளை. அதற்குள்ளிருந்து கதாநாயகி ஈவி ஒரு காகிதச் சுருளை எடுப்பாள். கழிவறைக் காகிதத்தில் வேலரி என்ற பெண் பொடி எழுத்தில் தன் வாழ்க்கையையே எழுதியிருப்பாள். அப்போது யாரும் போனைத் தொடக் கூடாது. என் மகள் அங்கே என் கையைப் பிடித்தவள், ஈவி மழையில் நிற்கும்வரை விடவில்லை.

முடிந்ததும் ஒன்று கேளுங்கள்: ஈவிக்கு வி செய்தது நியாயமா? நாங்கள் இரவு ஒரு மணிவரை பேசினோம். இல்லவே இல்லை என்கிறாள் அவள். நானும் அவள் கட்சிதான்.