"உரிய நடவடிக்கைக்கு" என்று முடியாத மனு எழுதுவது எப்படி?

நியூயார்க், சியாட்டில் போன்ற நகரங்களில் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க நகர நிர்வாகத்திலேயே தனி அமைப்பு இருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள எங்கள் நகராட்சியிலும் அப்படியொரு குடிமை உரிமைப் பிரிவு வேண்டும் என்று நான்கு பக்க மனு கொடுத்தேன். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு, அதை மீறுவோரைத் தண்டிக்கும் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என ஒன்றையும் விடவில்லை. வந்த பதில் இரண்டு வரி: தீண்டாமைக்குக் காவல் நிலையம், மாற்றுத்திறனாளிகளுக்கு மாவட்ட அலுவலகம். அடுத்த முறை வேறு மாதிரி எழுதினேன். அந்த வழிதான் இது. பெறுநர், அனுப்புநர் எல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான், விட்டுவிடுகிறேன்.

1. நகராட்சியின் கையில் இருப்பதை மட்டும் எடுங்கள்

குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, மயானம், சந்தை, கழிப்பறை, அலுவலகக் கட்டடம். இவற்றில் யாருக்கு எது கிடைக்கவில்லை என்று எழுதினால் தட்டிக்கழிப்பது கடினம். இதை எனக்குப் புரியவைத்தவர், சங்கு குளிக்கப் போய் இடுப்புக்குக் கீழே செயலிழந்த அண்ணன் ஒருவர். மூன்று சக்கர வண்டியில் வந்து, அலுவலக வாசலின் 4 படிக்குக் கீழே நின்று குரல் கொடுப்பார். யாராவது இறங்கி வந்து தாளை வாங்கிக்கொள்ள வேண்டும்.

"நீங்கள் கேட்கும் பிரிவு வரும்போது வரட்டும் தம்பி. இந்த நான்கு படிக்கு யார் பொறுப்பு? அந்தப் பெயரைக் கேட்டு வாங்குங்கள்" என்றார்.

2. சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் பதவியைத் தேடுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 23இன்படி ஒவ்வொரு அரசு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளுக்கும் இது பொருந்தும். அவர் புகார்ப் பதிவேடு வைத்து, பதிந்த 2 வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும்.

"ஏன் நியமிக்கவில்லை?" என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 30 நாள் காத்திருந்த பிறகு, விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று திரும்பி வந்தது. எனவே 'ஏன்' என்று தொடங்கும் எதையும் அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "குறைதீர் அலுவலரின் நியமன ஆணை நகல். புகார்ப் பதிவேட்டின் கடைசி 5 பக்கங்களின் நகல்." ஆணை இருந்தால் பெயர் கிடைக்கும். இல்லாவிட்டால் "ஆணை ஏதும் இல்லை" என்பது கையெழுத்தோடு வரும். எனக்கு வந்தது அதுதான். டீக்கடைக்காரரிடம்கூடக் காட்டினேன்.

கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையைப் பசையால் ஒட்டுங்கள். குண்டூசியில் குத்தினால் வழியிலேயே விழுந்துவிடும்.

3. ஒரே பக்கம், மூன்று கோரிக்கை

பெயர் அறிவிக்கப்பட்ட ஓர் அலுவலர். எல்லாப் பாகுபாட்டுப் புகாரும் ஏறும் ஒரே பதிவேடு. மாதம் ஒரு நாள் நேரில் கேட்பது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்த பதிலின் நகலை இணையுங்கள். பாதிக்கப்பட்டவர் பெயரை அவர் சம்மதிக்காமல் எழுதாதீர்கள். சின்ன ஊர், மறுநாள் மீன் ஏலத்திலேயே பேச்சாகிவிடும்.

4. கொடுப்பது

தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வார்டின் பகுதி சபா கூட்டத்திலும் வாசியுங்கள். கைப்பேசிச் செயலியில் புகார் பதிவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. படி ஏறிப் பார்க்காமலேயே 'முடிக்கப்பட்டது' என்று காட்டுகிறது.

பின்சேர்க்கை: ஊராட்சியில் இருப்பவர்கள் தங்களுக்கு என்ன வழி என்று கேட்டார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபைகளில் இதையே தீர்மானமாகக் கொடுக்கலாம். நுழையும்போது வாங்குவது வருகைக் கையெழுத்து மட்டுமே. உங்கள் தீர்மானம் புத்தகத்தில் ஏறியதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு எழுந்திருங்கள்.

இன்னொன்று: எங்கள் ஊரில் அலுவலர் பெயர் வந்துவிட்டது. பதிவேட்டின் முதல் புகார் அண்ணனுடையது. சாய்தளத்துக்கு அளவெடுத்துப் போனார்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். படிகளின் உயரம் 2 அடி என்றால் 24 அடி. வாசலிலிருந்து கேட் வரை இருப்பதோ 18 அடி. வளைத்துக் கட்டச் சொல்லி அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.