காமா பட்ட ஃபிலிமின் வாசத்தை அளப்பது எப்படி

காமா கதிரில் கிருமி நீக்கிய உணவுப் பையை முகர்ந்து பாருங்கள். லேசான புளிப்பும் காறலும் கலந்து, சூடான மெழுகு மாதிரி ஒரு வாசம் வரும். அதை எண்ணாக்குவதுதான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் எனக்குச் சோறு போடும் வேலை.

ஆவியில் உள்ள பொருள்களைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். கருவிப் பக்கம் ஓடுவதற்கு முன்னால், பை செய்த அதே ஃபிலிம் ரோலில் வெட்டிய கதிர் படாத துண்டு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் கதிர் கொடுக்கும் பாங்கி வரை போய், கதிர் மட்டும் படாமல், அதே வண்டியில் திரும்பி வந்திருக்க வேண்டும்.

வீண் பிடிவாதம் இல்லை. ஒரு முறை 25 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) வாங்கிய பாலித்தீன் ஃபிலிமில் எத்தில் 2-மெத்தில்பியூட்டனோயேட் என்ற பழவாச எஸ்டர் வரைபடத்தில் பெரிய பீக்காக (முகடாக) வந்தது. கதிர் எப்படி இந்த எஸ்டரை உண்டாக்கும் என்று ரெண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம் பார்த்தால், கதிர் படாத துண்டிலும் அதே பீக்! எங்கள் டிரைவர் அண்ணன் வழியில் பீடோரில் டுரியான் வாங்கிப் பின்சீட்டில் வைத்திருக்கிறார். பிளாஸ்டிக் வாசத்தை உறிஞ்சும். அன்று முதல் எல்லா மாதிரிக்கும் இரண்டு சுற்று அலுமினியத் தாள்தான், ஃபிரிட்ஜுக்குள்ளும் கூட.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு கிராம் ஃபிலிமைப் பொடியாக வெட்டி 20 மில்லி குப்பியில் போட்டு இறுக மூடுங்கள். 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, மேலே நிற்கும் காற்றில் ஒரு மில்லி எடுத்துச் செலுத்துங்கள். சூட்டைக் கூட்டினால் பீக் பெரிதாகும் என்று ஆசைப்படாதீர்கள். கதிர் செய்ததையும் சூடு செய்ததையும் பிறகு பிரிக்க முடியாது. வெறும் குப்பியையும் ஓட்டுங்கள். அதில் தெரியும் 207, 281 என்ற நிறை எண்கள் மூடியின் சிலிக்கோனிலிருந்து வருபவை.

பாலித்தீனிலும் பாலிப்ரொப்பிலீனிலும் ஆல்டிஹைடு, கீட்டோன், அசெட்டிக் அமிலம் எல்லாம் வரும். ஆவியைப் பிரிக்கும் சாதாரண குழாயில் (column) அமிலங்களின் பீக் வால் நீட்டும். வேக்ஸ் (wax) வகைக் குழாய் போடுங்கள். நான் முதலில் தேடுவது 1,3-டை-டெர்ட்-பியூட்டைல்பென்சீன். இர்காஃபாஸ் 168 என்ற சேர்க்கைப் பொருள் கதிரில் உடைந்து தருவது இது. இதன் நிறை வரைபடத்தில் 175-இல் பெரிய கோடு, 190-இல் சின்னது. கதிர் படாத துண்டில் இது இருக்காது.

அளவு வேண்டுமென்றால் அதே குப்பியிலிருந்து நான்கு முறை காற்றை எடுத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பீக்கின் பரப்பு முந்தையதில் 0.6 பங்காகக் குறைந்தால், தீரும்வரை எடுத்தால் வரும் மொத்தம் முதல் பரப்பைப் போல் 2.5 மடங்கு. விகிதம் நிலையாக வராவிட்டால் இன்னும் பொடியாக வெட்டுங்கள்.

பாலிப்ரொப்பிலீனுக்குள் சிக்கிய ரேடிக்கல்கள் (கதிரில் உடைந்த, சட்டென வினைபுரியும் மூலக்கூறுத் துண்டுகள்) வாரக்கணக்கில் ஆக்சிஜனோடு வினைபுரிந்துகொண்டே இருக்கும். அதனால் கதிர் பட்ட தேதி, கிலோகிரே, அளக்கும் தேதி மூன்றையும் லேபிளில் குறித்து வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள்; மார்க்கர் மையின் கரைப்பானும் பீக்காக வந்து நிற்கும்.