ஒரு முறை அழுத்தினால் இரண்டு கிளிக்: மவுஸைத் தூக்கிப் போடும் முன் செய்ய வேண்டியவை

எக்செல்லில் ஒரு கட்டத்தை ஒரே ஒரு தடவை அழுத்துகிறீர்கள். அது தேர்வாகி நிற்காமல் கட்டத்துக்குள் போய்த் திருத்தும் நிலைக்கு மாறிவிடுகிறது. பிரவுசரில் பின்னால் போகும் பட்டனைத் தொட்டால் இரண்டு பக்கம் பின்னால் போகிறது. ஒரு ஃபைலை இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் நழுவி, வேறு ஏதோ ஃபோல்டரில் விழுந்துவிடுகிறது. தோட்ட அலுவலகத்தில் செம்பனைக் குலைகளின் எடையைப் பதியும் கிராணிக்கு இது சின்னத் தொல்லை இல்லை. ஒரு எண் தப்பாக அழிந்தால் சம்பளக் கணக்கு வரைக்கும் போகும்.

மலேசியாவில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இப்படி ஆனால், கடைவீதிக்குப் போய் வேறு மவுஸ் வாங்கிவிடுவதுதான் வழக்கம். ஆனால் பெரும்பாலும் கெட்டிருப்பது இடது பட்டனுக்கு அடியில் உள்ள ஒரு குட்டி சுவிட்ச் மட்டும்தான். அதன் விலை சில வெள்ளி (ரிங்கிட்). மற்ற பாகங்கள் எல்லாம் நன்றாக இருக்கும்போது முழு மவுஸையும் குப்பையில் போடுவது எனக்கு மனசே வராத காரியம்.

உள்ளே என்ன நடக்கிறது

சுவிட்சுக்குள் செம்புக் கலவையில் செய்த மெல்லிய தகடு ஒன்று வளைந்து நிற்கும். பட்டனை அழுத்தினால் அது சட்டென்று தாவி மறுபக்கத் தொடுமுனையில் மோதும். மோதும்போது கொஞ்சம் துள்ளும். புது சுவிட்சிலும் இந்தத் துள்ளல் உண்டு. சில மில்லி விநாடிகளில் அடங்கிவிடும். மவுஸில் உள்ள சிப் அவ்வளவு நேரம் பொறுத்திருந்து, அதை ஒரே கிளிக் என்று எடுத்துக்கொள்ளும்.

நாளாக நாளாகத் தொடுமுனை தேயும், அதன் மேல் ஆக்சைடு படலம் படியும், தகட்டின் விறைப்பும் குறையும். அப்போது தொடர்பு விட்டு விட்டு வரும். அந்த இடைவெளி சிப் பொறுத்திருக்கும் நேரத்தைத் தாண்டினால் இரண்டாவது கிளிக் என்று கணக்காகிவிடும். இப்போதைய மவுஸ்களில் சுவிட்ச் வழியாகப் போகும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், படலத்தை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வலு அதற்கு இல்லை. நம் நாட்டின் ஈரப்பதமோ வருடம் முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஏர்கான் இல்லாத அறையில் ஜன்னலோரம் கிடக்கும் மவுஸுக்கு இது நல்லதில்லை.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்

ஸ்க்ரூ டிரைவரை இப்போதே எடுக்க வேண்டாம். வின்டோஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஆப்ஷன்ஸைத் திறந்து, ஒரே கிளிக்கில் திறக்கும் வசதி தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பிள்ளைகள் யாராவது அதை மாற்றி வைத்திருந்தால் ஃபோல்டர்கள் ஒரு தட்டிலேயே திறக்கும். பார்ப்பதற்கு மவுஸ் கெட்டது போலவே இருக்கும்.

அது சரியாக இருந்தால் நோட்பேடைத் திறந்து இரண்டு வரி தட்டச்சு செய்யுங்கள். ஒரு நீளமான சொல்லின் நடுவில் கர்சரை வைத்து, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு விநாடி இடைவெளி விட்டு, ஐம்பது தடவை நிதானமாக அழுத்துங்கள். ஒழுங்கான மவுஸ் என்றால் கர்சர் அங்கேயே மின்னிக்கொண்டிருக்கும். ஒரு தடவையாவது முழுச் சொல்லும் நிறம் மாறித் தேர்வானால் இரட்டைக் கிளிக் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பட்டனை அழுத்திப் பிடித்தபடி இரண்டு வரியையும் மெதுவாகத் தேர்வு செய்து பாருங்கள். நடுவில் தேர்வு விட்டுப்போனாலும் அதே நோய்தான்.

அடுத்த சோதனையைத் தவிர்க்காதீர்கள், பாதிப் பதில் இதிலேயே கிடைத்துவிடும். மவுஸ் செட்டிங்ஸில் பிரைமரி மவுஸ் பட்டனை வலது என்று மாற்றிவிட்டு, வலது பட்டனால் அதே நோட்பேடு சோதனையைச் செய்யுங்கள். தொல்லை காணாமல் போனால் இடது சுவிட்ச்தான் குற்றவாளி. வலது பட்டனிலும் அதே மாதிரி வந்தால் மவுஸை வேறு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக வேலை செய்தால் கோளாறு உங்கள் கணினியில், பெரும்பாலும் ஏதாவது மென்பொருளில் இருக்கிறது. அங்கேயும் அப்படியே வந்தால் இரண்டு சுவிட்சுகளுமே தேய்ந்திருக்கலாம். ஒயர்லெஸ் மவுஸ் என்றால் இதற்கெல்லாம் முன்னால் புது பேட்டரி போடுங்கள். ரிசீவர் நீல நிற யூஎஸ்பி துளையில் இருந்தால் வேறு துளைக்கு மாற்றுங்கள்.

நாளைக்கே வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய அவசரம் என்றால், வலது பட்டனைப் பிரைமரியாக வைத்தே சமாளிக்கலாம். கை ஒரு நாளில் பழகிவிடும்.

டபுள் கிளிக் வேகத்தைக் கூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். வின்டோஸில் அந்த அளவு 200 முதல் 900 மில்லி விநாடி வரை, வழக்கமாக 500. கெட்ட சுவிட்ச் தரும் இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பெரும்பாலும் 100 மில்லி விநாடிக்கும் குறைவு. அதனால் எந்த அளவில் வைத்தாலும் அது இரட்டைக் கிளிக்காகத்தான் கணக்காகும். சில கேமிங் மவுஸ்களின் மென்பொருளில் டீபவுன்ஸ் நேரம், அதாவது துள்ளல் அடங்கும் வரை சிப் பொறுத்திருக்கும் நேரம், என்று ஒரு அமைப்பு இருக்கும். அது இருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள், உண்மையாகவே பலன் தரும்.

சுத்தம் செய்வது

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, ரசீதோடு வாங்கிய கடைக்குப் போங்கள். திறந்த மவுஸைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

முடிந்துவிட்டது என்றால் ஒயரைப் பிடுங்குங்கள், பேட்டரி இருந்தால் கழற்றுங்கள். திருகுகள் வழக்கமாக அடியில் உள்ள வழுக்குப் பட்டைகளுக்கும் ஸ்டிக்கருக்கும் கீழே ஒளிந்திருக்கும். பட்டையை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் மடங்காமல் உரியும். திருகுகளைக் கழற்றிய பிறகு மேல் ஓட்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள். உள்ளே மெல்லிய நாடா ஒயர் இரண்டு பாதியையும் இணைத்திருக்கலாம். திறந்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டனுக்கு நேர் கீழே, ஏறக்குறைய 13 மி.மீ. நீளமும் 6 மி.மீ. அகலமும் உள்ள ஒரு பெட்டி தெரியும். அதன் தலையில் உள்ள சின்னக் குமிழின் ஓரத்தில் எலக்ட்ரானிக் காண்டாக்ட் கிளீனரையோ 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலையோ ஒரு துளி விட்டு, முப்பது நாற்பது தடவை அழுத்துங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஆல்கஹாலில் மீதி தண்ணீர், அது வேண்டாம். கதவுக் கீலுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம், அதன் பிசுக்கு உள்ளேயே தங்கிவிடும். கிளீனரும் ஆல்கஹாலும் தீப்பிடிக்கக்கூடிய பொருள்கள். சாமி விளக்கும் அடுப்பும் எரியாத இடத்தில் செய்யுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு மின்சாரம் கொடுத்து நோட்பேடு சோதனையை மறுபடி செய்யுங்கள்.

படலம்தான் காரணம் என்றால் இதிலேயே சரியாகிவிடும். தேய்மானம் என்றால் சில வாரங்களில் திரும்ப வரும். சுவிட்சின் மூடியைத் திறந்து தகட்டை வளைத்துவிடும் வீடியோக்கள் நிறைய உண்டு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். குண்டூசித் தலை அளவு குமிழ் தரையில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, தகடும் சுலபமாகக் கோணிவிடும்.

சுவிட்சை மாற்றுவது

பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். ஓம்ரான் டி2எஃப்சி-எஃப்-7என் என்பது மிகப் பரவலானது. அதற்குப் பதிலாக ஓம்ரான் டி2எஃப்-01எஃப் அல்லது கைல், ஹுவானோ சுவிட்சுகளையும் போடலாம். மூன்றுமே ஷாப்பியிலும் லசாடாவிலும் கிடைக்கும். மெல்லிய மவுஸ் சிலவற்றில் சதுர சுவிட்ச் இருக்கும், அதற்கு அதே வகைதான் பொருந்தும். இரண்டாக வாங்கி வலது பக்கத்தையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

சால்டரிங் அயர்னை 350 டிகிரிக்கு வைத்து, பழைய மூன்று கால்களிலும் முதலில் கொஞ்சம் புது ஈயத்தை உருக்கிச் சேருங்கள். பழைய ஈயம் அதோடு கலந்து சீக்கிரம் இளகும். பிறகு உறிஞ்சியாலோ செம்பு வலையாலோ எடுங்கள். ஒரு காலில் மூன்று நான்கு விநாடிக்கு மேல் அயர்னை வைக்காதீர்கள், சர்க்யூட் பலகையில் உள்ள செம்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும். சுவிட்ச் வரவில்லையா, பிடித்து இழுக்காமல் மறுபடியும் ஈயம் சேர்த்து உருக்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, புகை முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது சுவிட்சைச் செருகும்போது குமிழ் எந்தப் பக்கம் இருந்தது என்று எடுத்து வைத்த படத்தோடு ஒப்பிடுங்கள். மூன்று கால்களும் சம இடைவெளியில் இருப்பதால் திருப்பிப் போட்டாலும் உள்ளே போய்விடும், ஆனால் கிளிக் வேலை செய்யாது. பலகையோடு ஒட்டி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஈயம் வையுங்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பட்டன் கடினமாகவோ தொளதொளவென்றோ இருக்கும்.

மூடுவதற்கு முன் மேல் ஓட்டைச் சும்மா பொருத்திப் பிடித்து, ஐம்பது கிளிக் சோதனையையும் இழுத்துப் பார்க்கும் சோதனையையும் செய்யுங்கள். இரண்டும் தேறினால் திருகுகளை முடுக்கிப் பட்டைகளை ஒட்டுங்கள். பசை போன பட்டைக்கு மெல்லிய இரட்டைப் பக்க டேப் போதும்.