இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு: எழுவது, உட்காருவது, திரும்புவது, அப்புறம் நடப்பது

என் அம்மாவுக்கு 68 வயது. போன ஆடி மாதம் கொல்லையில் துணி காயப்போடப் போனவர், பாசியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. மூன்றாம் நாள் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. அதற்கு மறுநாள் காலையிலேயே பிசியோதெரபி பெண் வந்து, "எழுந்து நிக்கலாமாம்மா?" என்றார். எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. மூன்று மாதம் படுக்கைதான் என்று ஊரே சொல்லி அனுப்பியிருந்தது. அன்றைக்கே அம்மா கட்டிலிலிருந்து கதவு வரை நான்கு எட்டு நடந்தார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் கூடவே இருந்து கற்றுக்கொண்டதை, புதிதாக இந்த நிலைமைக்கு வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பெரியவரைப் பார்த்துக்கொள்பவர்களும் படிக்கலாம், ஆபரேஷன் செய்துகொண்டவரே படிக்கலாம். உங்கள் டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதைத்தான் கேட்க வேண்டும்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணத்துக்குள் சுழலும் பந்து. ஆபரேஷனில் பழுதான பந்தை எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டை இறக்கி, அதன் தலையில் புதுப் பந்தைப் பொருத்துகிறார்கள். முழு மூட்டு மாற்று என்றால் கிண்ணமும் புதிது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் கொண்டுவந்த உலோகப் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம் என்ற ஏற்பாடுதான் இன்றைக்கும் அடிப்படை.

நாங்கள் புரிந்துகொள்ளத் தாமதமான விஷயம் ஒன்று உண்டு. புது மூட்டு பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே உடம்பு எடையைத் தாங்கும். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் சதையையும் சவ்வையும் வெட்டித்தான் உள்ளே போயிருக்கிறார்கள். அவை ஆறி இறுகும்வரை, காலை ஏடாகூடமாக மடக்கினாலோ திருகினாலோ பந்து கிண்ணத்தை விட்டு நழுவிவிடலாம். அதனால்தான் நடக்கச் சொல்லும் அதே டாக்டர் குனியக் கூடாது என்கிறார். நேராக நடக்கும்போது மூட்டு ஏடாகூடமாக மடங்குவதில்லை. உட்காரும்போது, எழும்போது, திரும்பும்போதுதான் மடங்குகிறது, திருகுகிறது. அதனால் இந்த மூன்றையும் முதலில் பழகுங்கள். நடை அதன் பின்னாலேயே வந்துவிடும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

டிஸ்சார்ஜ் நாளில் பில், மருந்து, வண்டி என்று ஓடிக்கொண்டிருப்போம். அதற்கு முதல் நாளே மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, எந்தப் பக்கமாக வெட்டி ஆபரேஷன் செய்தார்கள்? பின்பக்கமாக என்றால் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. முன்பக்கமாக என்றால் கட்டுப்பாடு வேறு: காலைப் பின்னால் அதிகம் நீட்டுவதும், வெளிப்பக்கமாகத் திருகுவதும்தான் ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். அம்மாவுக்குப் பின்பக்கமாகச் செய்தார்கள், அதனால் கீழே எழுதுவது பெரும்பாலும் அந்தக் கணக்கில்.

இரண்டு, எவ்வளவு எடை ஊன்றலாம்? முழுதாகவா, பாதியா, பாதம் தரையைத் தொட்டால் போதுமா? மூன்று, இந்தக் கட்டுப்பாடு எத்தனை வாரம்? பொதுவாக 6 முதல் 12 வாரம் வரை சொல்வார்கள்.

வீட்டைத் தயார் செய்வது

வாசல் மிதியடியிலிருந்து ஹால் பாய் வரை தரையில் விரித்த எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிடுங்கள். வாக்கரின் கால் அதில்தான் மாட்டும். வயர்கள் நடக்கும் வழியில் கிடக்கக் கூடாது. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

நாற்காலிக்கு இரண்டு பக்கமும் கை இருக்க வேண்டும். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும். நம் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி உயரமானவர்களுக்குப் போதாது. மெத்தென்ற தலையணை போட்டால் அமுங்கிப் பழைய உயரத்துக்கே வந்துவிடும். நாங்கள் இலவம்பஞ்சுத் திண்டு ஒன்றை இறுக்கித் தைத்துப் போட்டோம். சோபா வேண்டவே வேண்டாம், அதில் உட்கார்ந்தால் இடுப்பு உள்ளே போய்விடும்.

கழிப்பறை வெஸ்டர்னாகத்தான் இருக்க வேண்டும். அதன் மேல் பொருத்துகிற உயரம் கூட்டும் இருக்கை மெடிக்கல் கடைகளில் கிடைக்கிறது. வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும்தான் என்றால், கைப்பிடி வைத்த கமோடு நாற்காலி ஒன்றை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். குளிக்கவும் உயரமான ஸ்டூல், கைக்கெட்டும் உயரத்தில் வாளி. வாளி தரையில் இருந்தால் ஒவ்வொரு செம்புக்கும் குனிய வேண்டியிருக்கும்.

அம்மாவின் நைட்டிகளை எல்லாம் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே மடித்துத் தைத்தேன். செருப்பு, பின்னால் வார் வைத்தது.

படுக்கையில் செய்யும் பயிற்சிகள்

பார்த்தால் ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் எழுந்து நிற்க இவைதான் பலம் தருகின்றன. மல்லாந்து படுத்து, இரண்டு தொடைகளுக்கும் நடுவில் ஒரு தலையணை. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை, இருபது தடவை. இது காலில் ரத்தம் உறையாமல் இருக்க. அடுத்து, முழங்காலைக் கட்டிலோடு அழுத்தித் தொடைச் சதையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுங்கள். புட்டத்தை இறுக்கி விடுவதும் அப்படித்தான். அப்புறம் குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடியே முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டுவது, சொன்ன அளவுக்கு மேல் இழுக்காமல். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை.

வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துச் செய்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருந்தது. மாத்திரையைத் தவிர்த்து வலியைப் பொறுத்துக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை. வலியில் பயிற்சி நின்றுபோனால் சதை இன்னும் தளர்ந்துபோகும்.

எழுவது, உட்காருவது

நாற்காலியிலிருந்து எழ:

1. முதலில் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வாருங்கள்.
2. ஆபரேஷன் செய்த காலை முன்னால் நீட்டுங்கள். நல்ல கால் நாற்காலிப் பக்கம் இருக்கட்டும்.
3. கைகளை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றி, முன்னால் கவிழாமல் மேலே எழும்புங்கள். வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, அது உங்கள் மேலேயே சாயும்.
4. நேராக நின்று, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகு வாக்கருக்குக் கையை மாற்றுங்கள்.

உட்கார இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். நாற்காலி விளிம்பு தொடையின் பின்பக்கம் படும்வரை பின்னால் போய், ஆபரேஷன் காலை முன்னால் நீட்டி, கையால் பின்னால் கைப்பிடியைத் தேடிப் பிடித்து, மெதுவாக இறங்குங்கள். 'அப்பாடா' என்று தொப்பென்று விழுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

கட்டிலிலிருந்து இறங்கும்போது உடம்பும் காலும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன காலின் பக்கமாகவே இறங்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி இறங்கினால் அந்தக் கால் நடுக்கோட்டைத் தாண்டாது.

மிகப் பெரிய ஆபத்து, கீழே விழுந்ததை எடுப்பது. பத்தாம் நாள் அம்மாவின் கையிலிருந்து ஒரு மாத்திரை நழுவி நாற்காலிக் காலடியில் உருண்டது. நான் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்கிறேன், அம்மாவின் கை கணுக்கால் வரை போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்பது வருடப் பழக்கம், யோசிக்கும் முன்பே உடம்பு குனிந்துவிடுகிறது. அன்று மாலையே நீளக் கைப்பிடி வைத்த இடுக்கி ஒன்று வாங்கி வாக்கரில் கட்டித் தொங்கவிட்டேன். காலுறை மாட்டுவது, நகம் வெட்டுவது, போர்வையைக் காலடியிலிருந்து இழுப்பது எல்லாமே இதே வகை. கூட இருப்பவர் செய்துவிடுங்கள்.

வாக்கரோடு நடப்பது

உயரம் முதலில். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் வாக்கரின் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். இரவல் வாங்கிய வாக்கர் என்றால் நான்கு காலின் உயரத்தையும் சரி பாருங்கள், அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

வாக்கர், ஆபரேஷன் கால், நல்ல கால். இதுதான் வரிசை. வாக்கரை ஒரு எட்டுத் தூரம் முன்னால் வையுங்கள், நான்கு காலும் தரையில் பதியட்டும். ஆபரேஷன் காலை அதற்குள் எடுத்து வையுங்கள், குதிகால் முதலில். கையில் எடையைக் கொடுத்து நல்ல காலைக் கொண்டுவாருங்கள். கண் தரையைப் பார்க்க வேண்டாம், பத்தடி தூரத்தில் இருக்கட்டும். அம்மா முதல் வாரம் முழுக்க "வாக்கரு, வலது, இடது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

திரும்பும்போது, ஊன்றிய காலின் மேல் உடம்பைத் திருகாதீர்கள். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் சட்டென்று திரும்புவோமே, அதுதான் கூடாது. பாதத்தைத் தூக்கித் தூக்கிச் சின்னச் சின்ன எட்டாக, கடிகார முள் போல நகர்ந்து திரும்ப வேண்டும். வீட்டில் எல்லோரிடமும், அம்மாவைப் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன்.

தூரத்தைவிடத் தடவைதான் முக்கியம். ஒரேயடியாக அரை மணி நடப்பதைவிட, நாளுக்கு ஐந்தாறு முறை ஐந்து நிமிடம் நல்லது. மாலையில் கால் வீங்கும். வாரக்கணக்கில் அப்படித்தான் இருக்கும். துண்டில் சுற்றிய ஐஸ் பையைக் கால் மணி நேரம் வைத்து, படுத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்தினால் இறங்கும். காலையில் எழும்போதும் வீக்கம் குறையாமல் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

படி ஏறுவது

ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்த பிறகுதான் அடுத்த படி. ஒரு கை கைப்பிடிச் சுவரில். பிசியோ முன்னால் ஒருமுறை செய்து காட்டாமல் தனியாக முயற்சி வேண்டாம். உதவிக்கு இருப்பவர், ஏறும்போது பின்னாலும் இறங்கும்போது முன்னாலும், ஒரு படி கீழே நிற்க வேண்டும்.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு

அம்மா ஐந்தாம் வாரம் மாறினார். சிலருக்கு மூன்று வாரம், சிலருக்கு எட்டு. பிசியோ சரி என்றதும் மாறுங்கள். தடியை எந்தக் கையில் பிடிப்பது என்பதில் பலரும் தவறிவிடுகிறார்கள். வலது காலில் ஆபரேஷன் என்றால் தடி இடது கையில். ஆபரேஷன் காலும் தடியும் சேர்ந்து முன்னால் போக வேண்டும். அப்போதுதான் இடுப்பின் பக்கவாட்டுச் சதைக்குச் சுமை குறையும்.

அந்தச் சதை பலவீனமாக இருக்கும்வரை நடக்கையில் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். பலர் இதைப் பார்த்துக் கால் குட்டையாகிவிட்டது என்று பதறுகிறார்கள். அம்மாவும் ஒரு ராத்திரி அழுதார். முதல் சில வாரங்களில் ஒரு கால் நீளம் போலத் தோன்றுவது பெரும்பாலும் சதை இறுக்கத்தால். தானாகக் குறையும். குறையாவிட்டால் டாக்டர் அளந்து பார்த்துச் சொல்வார். அந்தச் சாய்வுக்கு மருந்து, மேசையைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்கும் பயிற்சிதான். விளிம்பு பிடித்து, உடம்பைச் சாய்க்காமல், பத்துத் தடவை.

சாயாமல் நடக்கப் பழகும் முன் தடியை எறிந்துவிட வேண்டாம். தடி இல்லாமல் நொண்டுவதைவிடத் தடியோடு நேராக நடப்பதே மேல்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

கெண்டைக்கால் சதையில் புதிதாக வலி, வீக்கம், சூடு வந்தால் அன்றைக்கே காட்டுங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம். திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ என்றால் காத்திருக்காமல் 108. ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தையல் போட்ட இடம் சிவந்து சூடாக இருந்தாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ தாமதிக்க வேண்டாம். 'டக்' என்று ஒரு உணர்வு, கடும் வலி, காலை ஊன்றவே முடியவில்லை, கால் குட்டையாகத் திரும்பிக் கிடக்கிறது என்றால் பந்து நழுவியிருக்கலாம். நீங்களே இழுத்துச் சரி செய்யப் பார்க்காதீர்கள், அசைக்காமல் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள்.

எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன் என்று பாசத்தோடு வருவார்கள். ஆறாத மூட்டை யாரும் நீவ விடாதீர்கள். பத்தியம் என்று முட்டை, பருப்பு, மீனை நிறுத்தவும் வேண்டாம். சதை வளரப் புரதம் வேண்டும். சில வலி மாத்திரைகள் மலச்சிக்கல் தரும், தண்ணீரும் கீரையும் கூடுதலாக.

தரையில் உட்காருவது

எங்கள் வீட்டில் நெடுநாள் ஓடிய பேச்சு இதுதான். சம்மணம், குத்துக்கால், கோயிலில் தரையில் அமர்ந்து சாப்பிடுவது. நம் வாழ்க்கையே தரையோடு என்பதால், "கீழே உட்காரலாமா?" என்று டாக்டரிடம் ஒற்றைக் கேள்வியாகக் கேட்டால் பதில் பொதுவாகத்தான் வரும். எந்த வகை மூட்டு, எந்தப் பக்க ஆபரேஷன் என்பதைப் பொறுத்து ஒருவருக்குச் சரி, ஒருவருக்குக் கூடாது. பன்னிரண்டாம் வாரச் செக்கப்புக்கு, எக்ஸ்ரேயோடு அம்மா ஒரு பட்டியலும் கொண்டுபோனார்: அரிவாள்மனையில் காய் நறுக்குவது, விளக்கு ஏற்றக் குனிவது, பஸ் படி, கோலம். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பஸ் படிக்குக் கைப்பிடியோடு சரி. குனிவது ஒரு அளவு வரை. அரிவாள்மனையும் குந்திப் போடும் கோலமும் இனி வேண்டாம் என்றார்.

விளக்கை மேசைக்கு ஏற்றிவிட்டோம். மார்கழியில் அம்மா வாசல்படி ஓரம் தடியை ஊன்றி நின்று, "அந்த வரிசையில ஒரு புள்ளி விட்டுட்டே பாரு" என்று சொல்லிக்கொண்டிருக்க, கோலம் நான் போட்டேன்.