கிரேஹவுண்ட் வருமுன் கண்ணாடிக் கதவில் ஒட்டுநாடா
நாய்ப் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் இன நாயைத் தத்தெடுத்து அழைத்துவரும் முன்பே, கண்ணாடிக் கதவுகளிலும் தரைவரை இறங்கும் சன்னல்களிலும் அதன் கண்மட்டத்தில், அதாவது தரையிலிருந்து 70 முதல் 90 செ.மீ. உயரத்துக்குள், ஒட்டுநாடாவைப் பட்டையாக ஒட்டிவிடுங்கள். நாயின் கண்ணுக்குச் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. நீலமோ மஞ்சளோ நல்லது. கொட்டிலிலேயே வளர்ந்த இந்நாய்களில் பல, வீட்டுக் கண்ணாடியைக் கண்டதே இல்லை என்பதால், வெளியே ஒரு பூனையைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணாடியைத் திறந்த வழியென எண்ணிப் பாய்ந்துவிடக்கூடும்; மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் ஓடக்கூடிய, தோலோ மிக மெல்லிய இந்த விலங்குக்கு அந்த மோதல் சிறு காயத்தோடு முடியும் என்று சொல்ல முடியாது. வந்தவுடன் வாரில் பிடித்து அருகே கூட்டிச்சென்று, கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டுவதும் உதவும். சட்டங்களால் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட கண்ணாடிக்கும், குட்டியிலிருந்தே வீட்டில் வளர்ந்த நாய்க்கும் பெரும்பாலும் இது தேவைப்படாது.